எரிக்கும் தண்டுக்கு ஒரு கணக்குப் போடுங்கள்

கஞ்சாச் செடியின் தண்டில் சுவர் எழுப்புகிறார்கள், துணி நெய்கிறார்கள், காகிதம் செய்கிறார்கள் என்று கைப்பேசியில் வரும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அறுவடைக்குப் பின் மிஞ்சுகிற குச்சிக்கே இவ்வளவு மதிப்பு என்றால், நாமும் ஒரு ஏக்கர் போட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பு. நெல்லுக்கும் பருத்திக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்காத காலத்தில் அப்படிக் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் இதைப் பயிரிட வழியில்லை, போட்டால் சிறை. ஆனால் அந்தச் செடியின் மிச்சத்தை மற்ற ஊர்கள் எப்படிப் பணமாக்கின, எங்கே பணமாக்க முடியாமல் நின்றன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வயலில் நாமே தீ வைக்கும் மிச்சத்துக்கும் அதே பாடம்தான் பொருந்துகிறது.

பெயரில் ஏமாற வேண்டாம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்ற ஒரே சொல் பல செடிகளுக்கு வழங்குகிறது. 'சன் ஹெம்ப்' என்றால் நம்முடைய சணப்பு. பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிறோமே, அதுதான். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. போதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'மணிலா ஹெம்ப்' என்பது வாழை இனத்துச் செடியின் நார். 'சிசல் ஹெம்ப்' என்பது கத்தாழை போன்ற ஒரு செடியின் நார். நாம் சணல் சாக்கு என்று சொல்வது வேறொரு செடி. வெறும் 'ஹெம்ப்' அல்லது 'தொழில் ஹெம்ப்' என்று சொன்னால்தான் அது கஞ்சா இனம். போதைப்பொருள் மிகக் குறைவாக உள்ள ரகங்களை நாருக்கும் விதைக்கும் வளர்ப்பதை அப்படி அழைக்கிறார்கள்.

யாராவது 'ஹெம்ப் விதை தருகிறோம், விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று வந்தால், எந்தச் செடி என்று தாவரப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 'குரோட்டலேரியா ஜன்சியா' என்றால் சணப்பு. 'கேனபிஸ் சட்டைவா' என்றால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, கஞ்சாச் செடி எதையும் பயிரிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதில் இரண்டு இடங்களில் உழவர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

ஒன்று, சட்டம் 'கஞ்சா' என்று வரையறுப்பது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதியை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இதைக் காட்டி, 'இலைக்கும் தண்டுக்கும் தடையில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. வரையறையில் இலை விலகியிருந்தாலும், செடியை நட்டதே குற்றம். கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழி திறந்தது உண்மை. கடையில் எண்ணெய் கிடைப்பதால் வயலில் விதைக்கலாம் என்று ஆகிவிடாது.

இரண்டு, 14-ஆம் பிரிவு. நாருக்காகவும் விதைக்காகவும் தொழில் நோக்கில் மட்டும் பயிரிட அரசு தனி ஆணை மூலம் அனுமதிக்கலாம் என்கிறது அது. அரசு ஆணை போட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளால் அதைத் திறக்க முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தன் நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாகப் பயிராவது தெரிந்தும் நில உரிமையாளர் தகவல் தராமல் இருந்தால், 46-ஆம் பிரிவின்படி அதுவும் குற்றம். வெளியூரில் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வயலை நேரில் போய்ப் பார்த்து வருவது நல்லது.

கதவு திறந்த இடங்களில் நடந்தது

இந்தியாவில் முதலில் கதவைத் திறந்தது உத்தராகண்ட். 2018-இல் அங்கே தொழில் ஹெம்புக்கு உரிமம் தரப்பட்டது. மலைக் கிராமங்களில் கஞ்சாச் செடி தானாகவே முளைத்துக் கிடக்கும். அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பதும், விதையை வறுத்துத் துவையல் அரைப்பதும் அந்த மக்களின் பழைய வழக்கம். பக்கத்து இமாசலப் பிரதேசத்தில் இந்த நாரால் காலணியே பின்னுகிறார்கள்.

இருந்தும் உரிமம் வந்த பிறகு பயிர் வேகமாகப் பரவவில்லை. காரணம் விதை. போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் விதைகளோ அந்த வரம்பைத் தாண்டுகின்றன. இமாசலம் இதைப் பார்த்து நிதானமாக அடி வைத்தது. 2024 செப்டம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில், பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் முதலில் ஆய்வு நடத்தட்டும் என்று அமைச்சரவை முடிவு செய்தது. முதல் நஷ்டத்தை உழவர் தலையில் கட்டாமல் ஆய்வுப் பண்ணையில் வைத்துப் பார்ப்பதே சரியான வரிசை.

இனி மிச்சத்துக்கு வருவோம். இந்தச் செடியின் தண்டில் வெளிப்பட்டை நார் ஏறக்குறைய கால் பங்கு. உள்ளே இருக்கும் கட்டைச் சக்கை முக்கால் பங்கு. நாரை உரித்த பிறகு சக்கை மலைபோல் குவியும். அதைத் துண்டாக்கிக் குதிரை லாயங்களில் படுக்கையாகப் போடுகிறார்கள். செடிகளுக்கு மூடாக்காக இடுகிறார்கள். சுண்ணாம்போடு தண்ணீர் விட்டுக் கலந்து சுவராகவும் நிரப்புகிறார்கள். இந்தச் சுவர் எடை குறைந்தது, வெயிலைத் தடுப்பது. ஆனால் கூரையின் பாரத்தைத் தாங்காது. தாங்குவதற்கு மரச்சட்டமோ வேறு தூணோ வேண்டும். காணொளிகள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. எல்லோரா குகைகளின் மண் பூச்சில் கஞ்சாச் செடியின் துண்டுகள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2016-இல் 'கரன்ட் சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்தப் பூச்சு பூச்சி அரிக்காமல் இத்தனை நூற்றாண்டுகள் நின்றதற்கு அது ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. விதையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கில் புரதம் நிறைய இருக்கிறது.

ஒரே தண்டு: ஓரிடத்தில் வரவு, ஓரிடத்தில் செலவு

பிரான்ஸ் நாட்டின் ஓப் பகுதியில் இப்பயிரை வளர்க்கும் உழவர்கள் 1973-இலேயே கூட்டுறவாகச் சேர்ந்து நார் பிரிக்கும் ஆலையை வைத்துக்கொண்டார்கள். நார் ஒரு பக்கம் போக, சக்கை இன்னொரு பக்கம் விலைக்குப் போகிறது. ஆலை பக்கத்தில் இருப்பதால் தண்டு அங்கே வரவு.

அமெரிக்காவில் வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களுக்கு வாருங்கள். அங்கே சட்டப்படியே பூவுக்காக வளர்க்கிறார்கள். பூவை எடுத்தபின் மிஞ்சும் இலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் நொறுக்கி, மண், காய்கறிக் கழிவு, காகிதம் போன்றவற்றோடு பாதிக்குப் பாதி கலந்து, யாரும் பிரித்தெடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்று தொடக்கத்தில் விதி வைத்தார்கள். அதற்கு ஆள்கூலி, எந்திரக் கூலி, பதிவேடு என்று எல்லாம் செலவு. கடைசியில் அது எருக்குழிக்கோ குப்பைக் கிடங்குக்கோ போயிற்று.

இரண்டு இடத்திலும் செடி ஒன்றே. ஓரிடத்தில் மிச்சத்துக்கு விலை உண்டு, இன்னோரிடத்தில் அதைக் கழிக்கவே பணம் வேண்டும். மிச்சத்துக்கு விலை வர மூன்று வேண்டும்: அதைப் பிரிக்கும் எந்திரம், வாங்கும் ஆலை, கட்டுபடியாகும் தூரம். தண்டு என்பது எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருள். தூரம் கூடக் கூட வண்டி வாடகையே அதன் விலையை விழுங்கிவிடும்.

இதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வெட்டிப்போட்ட இளநீர்க் கூடுகளைப் பாருங்கள். எங்கோ ஓர் உழவர் தண்ணீர் பாய்ச்சி, எருவிட்டு வளர்த்த காய். உள்ளே இருக்கும் தண்ணீரைக் குடித்தபின் எடையில் பெரும்பகுதி அப்படியே குப்பை. தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கில்தான் கொட்டப்பட்டது. பொள்ளாச்சியிலும் சிங்கம்புணரியிலும் தேங்காய் மட்டை என்றால் அது கயிற்றுத் தொழிலின் மூலப்பொருள். லாரியில் ஏற்றி விலை பேசுகிறார்கள். இளநீர்க் கூட்டில் ஈரம் அதிகம், நார் முற்றாதது என்பது சரிதான். ஆனாலும் துண்டாக்கும் எந்திரம் ஒன்று இருந்தால் அது மூடாக்காகும், மட்கினால் எருவாகும். எந்திரம் இல்லாத இடத்தில் அது கொசு வளரும் கிண்ணம்.

நம் கையில் இருக்கும் மிச்சம்

நம் மாநிலமே இதைச் செய்து காட்டியிருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டு, 1984 முதல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து வருகிறது. சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. 'எங்களுக்குக் கொடுங்கள்' என்று சும்மா கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள். சக்கைக்குப் பதிலாக ஆலைக்கு வேண்டிய நீராவிக்கு வேறு எரிபொருள் வழியில் ஏற்பாடு செய்து தந்து சக்கையைப் பெற்றார்கள். எரிப்பவருக்கு மாற்று வழி காட்டினால் எரிப்பது நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி உங்கள் வயலைப் பாருங்கள்.

வைக்கோல்: ஒரு டன் வைக்கோலை எரித்தால் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து, 1.2 கிலோ கந்தகம் வீணாகின்றன என்பது வேளாண் துறை தரும் கணக்கு. மண்ணின் மேல்பரப்பில் உள்ள நுண்ணுயிர்களும் கருகும். அறுவடை எந்திரம் சிதறிவிட்ட வைக்கோலைக் கட்டும் எந்திரத்துக்கு வாடகை அதிகம் என்று தீக்குச்சியை எடுக்கும் முன், கடையில் அதே சாம்பல்சத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாட்டுத் தீவனம், சிப்பிக் காளான் வளர்ப்பு, மூடாக்கு என்று வைக்கோலுக்கு வேலை நிறைய இருக்கிறது.

வாழைத்தண்டு: ஒரு மரம் ஒரு தார்தான் போடும், பிறகு தண்டு முழுவதும் மிச்சம். வெளி மட்டை நார் கயிற்றுக்கும் கைவினைப் பொருளுக்கும், உள் மட்டை நார் துணிக்கும் ஆகும். சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் வாழைநார் கலந்து சேலையே நெய்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நார் பிரிப்பது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தண்டின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். நார் மிகச் சிறு பங்கு. ஆகவே தண்டை வெகுதூரம் ஏற்றிச் செல்வது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும். எந்திரத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, சக்கையை அங்கேயே மண்புழு உரத்துக்குப் போடுவதுதான் கட்டும். முடிக்கொத்து நோயோ வாடல் நோயோ கண்ட மரத்தின் தண்டை மட்டும் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

தென்னை நார்க்கழிவு: கயிற்று ஆலையில் குவியும் தூளை அப்படியே வயலில் கொட்டினால் அது மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் வித்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் 100 கிலோ கழிவு போட்டு 1 கிலோ யூரியா தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காயாமல் காத்தால் சுமார் 60 நாளில் கறுத்து மட்கிவிடும்.

பருத்தி மிளார்: கடைசி எடுப்புக்குப் பின் மிளாரை வயலிலேயே நிறுத்தி வைப்பதும், வரப்பில் அடுக்கி வைப்பதும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அடுத்த பருவம் வரை வீடு கட்டிக் கொடுப்பதுதான். உரிய காலத்தில் பிடுங்கித் தூளாக்கி மண்ணில் சேர்க்கலாம். மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பருத்தி மிளாரில் பலகை செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. பலகை ஆலையோ எரிகட்டி ஆலையோ பக்கத்தில் இருந்தால் ஊர் மொத்தமும் சேர்ந்து பேசுங்கள். ஒருவருடைய ஓர் ஏக்கர் மிளாருக்காக எந்த ஆலையும் வண்டி அனுப்பாது.

சணப்பு: 'ஹெம்ப்' மோகம் உள்ளவர்களுக்கு நாம் சொல்லும் சட்டப்படியான செடி இதுதான். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். 45 முதல் 60 நாளுக்குள், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் உரம். அதைத் தாண்டி முற்றவிட்டால் தண்டு நாராகும், மட்க நாளாகும். நாருக்கு விடுவதென்றால் அறுத்துக் கட்டி நீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். ஊரார் குடிக்கும் குளத்திலும், மீன் வளர்க்கும் குட்டையிலும் ஊறப்போடாதீர்கள். தண்டு அழுகும்போது நீரில் உள்ள உயிர்க்காற்று குறைந்து மீன்கள் செத்து மிதக்கும்.

இந்தப் பருவத்தில் நீங்கள் செய்ய வேண்டியது

அறுவடை முடிந்ததும் ஒரு சென்ட் நிலத்தின் மிச்சத்தைச் சேர்த்து எடை போடுங்கள். நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். பச்சையாக எவ்வளவு, காய்ந்தபின் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பேசுவது காய்ந்த எடையை. பிறகு மூன்று கேள்வி: இது என் மண்ணுக்கே எவ்வளவு உரம்? என் மாட்டுக்கு எவ்வளவு தீவனம்? இவை போக மீதிக்கு, வண்டி வாடகை கட்டும் தூரத்தில் வாங்குபவர் உண்டா? எல்லா மிச்சத்தையும் விற்றுவிடுவதும் தப்புக் கணக்குதான். மண்ணிலிருந்து எடுத்ததில் ஒரு பங்காவது மண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வட்டாரத்தில் 'ஹெம்ப்' ஒப்பந்தம் என்று யாராவது கூட்டம் போட்டால், அரசு ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிராமத்தில் முதலில் உங்களைத்தான் நம்புகிறார்கள். நீங்கள் சும்மா இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு ஒரு குடும்பம் நீதிமன்றப் படியில் நிற்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. தொழில் ஹெம்ப் நம் மண்ணுக்கு ஏற்றதா என்று பார்க்க விரும்பினால், இமாசலத்தைப் போலப் பல்கலைக்கழகப் பண்ணையில், காவலோடு, ஆணையோடு பாருங்கள். உழவரைச் சோதனைப் பொருளாக்க வேண்டாம். அதற்கு முன், நார் பிரிக்கும் எந்திரமும், மிளார் தூளாக்கும் எந்திரமும், வைக்கோல் கட்டும் எந்திரமும் தேவைப்படும் நாளில் ஒவ்வொரு வட்டாரத்திலும் வாடகைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு இருக்கும் இடைவெளி பல ஊர்களில் மூன்றே வாரம். அந்த மூன்று வாரத்தில் எந்திரம் வராவிட்டால் தீப்பெட்டிதான் வரும்.

இல்லாத பயிரின் தண்டுக்கு விலை கேட்பதை நிறுத்தி, இருக்கிற பயிரின் தண்டை எடை போடுவோம். இந்த அறுவடையிலேயே தொடங்குங்கள். ஒரு சென்ட் போதும்.